காலக்கெடு இல்லாத சுளுக்கு: எலும்புப் புற்றுநோயைக் கண்டறிவதில் நேர்ந்த 19 வாரத் தாமதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலிக்கிறது என்று 15 வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முதலாக மருத்துவரிடம் போன நாளுக்கும், அந்த வலிக்குக் காரணம் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் உறுதியான நாளுக்கும் இடையில் 19 வாரங்கள் கடந்திருந்தன. அந்த 19 வாரங்களில் அவனையோ அவனுடைய படத்தையோ திசுவையோ ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆறு பேரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். அவரவர் எடுத்த முடிவைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றைத் தவிர மற்ற எதையும் பெரும்பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியிருந்தும் நான்கு மாதங்களுக்கு மேல் எப்படிக் கைநழுவிப் போயின என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஒரு விளக்கத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் சிறுவனும், பின்னால் வரும் பெண்மணியும் தனி ஒரு நோயாளியின் வரலாற்றைக் குறிப்பவர்கள் அல்லர். எலும்பிலோ, தசை, கொழுப்பு போன்ற மென்திசுவிலோ புற்றுநோய் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்குகளை ஒரே வரலாறாகக் கோத்து, யாருடைய அடையாளமும் வெளிப்படாதபடி எழுதப்பட்டது இது.

நோயாளியின் வரலாறு

சிறுவன் ஓட்டப்பந்தய வீரன். பயிற்சியின்போது கால் பிசகி விழுந்திருக்கிறான். மறுநாள் முழங்காலுக்கு மேல் வலி தொடங்கியது. குடும்ப மருத்துவர் மூட்டை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். வீக்கம் இல்லை, மூட்டு உறுதியாக இருந்தது. சுளுக்கு என்று கூறி வலி மாத்திரையும் இரண்டு வார ஓய்வும் எழுதிக்கொடுத்தார். வலி குறையவே செய்தது.

நான்காவது வாரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது வலியும் திரும்பி வந்தது. இம்முறை பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்டான். அந்த மூன்று வாரங்களில்தான் அவன் நள்ளிரவில் வலியால் விழித்துக்கொள்ளத் தொடங்கினான். "ஓடும்போது வலிக்கிறதைவிட ராத்திரி படுத்திருக்கும்போதுதான் அதிகமா வலிக்குதுன்னு சொல்றான்" என்று தாய் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லியிருக்கிறார். பகலில் உழைத்த தசை இரவில் வலிப்பது இயல்பு என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துபோனது. இரவு வலி என்ற சொல் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

ஏழாவது வாரத்தில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கோரிக்கைத் தாளில் 'விளையாட்டில் காயம், எலும்பு முறிவு உள்ளதா?' என்று எழுதப்பட்டிருந்தது. 'எலும்பு முறிவு இல்லை' என்று அறிக்கை வந்தது. பத்தாவது வாரத்தில் காற்சட்டையின் வலது கால் பகுதி இறுக்கமாக இருப்பதாகச் சிறுவன் சொல்ல, தாய் இரண்டு தொடைகளையும் நூலால் அளந்து பார்த்து வித்தியாசத்தை உணர்ந்தார். வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தார். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி மட்டும் உயர்ந்திருந்தது. வளரும் வயதில் எலும்பு வளர்வதால் இந்த நொதி உயர்ந்திருப்பது வழக்கம் என்பதால், அது வயதின் கணக்கில் எழுதப்பட்டது. பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்த எலும்பு மருத்துவர், தசைநார் கிழிந்திருக்கலாம் என்று கருதி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். பதினான்காவது வாரத்தில் எடுக்கப்பட்ட அந்த ஸ்கேனில், தொடையெலும்பின் கீழ்முனையில் 9 செ.மீ. நீளக் கட்டி ஒன்று எலும்பின் சுவரை உடைத்துக்கொண்டு பின்புறத் தசைக்குள் நீண்டிருப்பது தெரிந்தது.

இதன் பிறகும் ஐந்து வாரங்கள் போயின. அதே எலும்பு மருத்துவர் பதினைந்தாவது வாரத்தில் தானே அறுவை செய்து திசு எடுத்தார். எடுத்த திசுவில், கட்டிக்கு எதிர்வினையாக அதன் ஓரத்தில் உடல் புதிதாக இட்ட எலும்பே பெரும்பகுதியாக இருந்ததால், 'காயத்துக்குப் பிந்தைய எலும்பு வளர்ச்சியாக இருக்கலாம், புற்றணுக்கள் தென்படவில்லை' என்று திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் நோய்க்குறியியல் துறையின் அறிக்கை வந்தது. ஸ்கேனும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்ற உறுத்தல் மருத்துவருக்கு இருந்ததால், பதினேழாவது வாரத்தில் அவரே சிறுவனைச் சார்கோமா எனப்படும் எலும்பு, மென்திசுப் புற்றுநோய்களுக்கான சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார். அந்த உறுத்தலை அவர் மதித்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். மையத்தில் பழைய திசுத் துண்டுகள் மீண்டும் பார்க்கப்பட்டன. ஊசி வழியே புதிதாகத் திசு எடுக்கப்பட்டது. பத்தொன்பதாவது வாரத்தில் நோய் உறுதியானது. மார்பு சி.டி. ஸ்கேனில் இடது நுரையீரலில் 6 மி.மீ., 4 மி.மீ. அளவில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரிந்தன.

படத்தின் விளிம்பில் இருந்த கோடு

ஏழாவது வாரத்து எக்ஸ்ரேயை மையத்தில் நாங்கள் ஒளிப்பெட்டியில் வைத்துத் திரும்பப் பார்த்தோம். முழங்கால் மூட்டை நடுவில் வைத்து எடுத்த படம் அது. மூட்டைச் சுற்றி எல்லாம் ஒழுங்காக இருந்தது. தொடையெலும்பு மேல் விளிம்பில் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. வெட்டுப்பட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, எலும்பின் உட்பக்க ஓரத்தை ஒட்டினாற்போல், கூரிய பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய வெண்கோடு இருந்தது. அடியில் ஏதோ ஒன்று வளர்ந்து எலும்புறையை மேலே தூக்கும்போது, அந்த உறை புது எலும்பை இட்டுக்கொண்டே விலகுவதால் தோன்றும் கோடு அது. இது இன்னும் முற்றி முக்கோண வடிவில் தெரியும்போது அதைக் காட்மன் முக்கோணம் என்பார்கள். எலும்புச் சார்கோமாக்களுக்கென்றே ஒரு பதிவேட்டை 1920-ஐ ஒட்டித் தொடங்கிய அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மனின் பெயரால் வழங்குவது.

தெரிந்த பிறகு பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்று தெரியும் என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கோட்டைத் தவறவிட்டவரைக் குறைசொல்வது எளிது. அவரிடம் கேட்கப்பட்டது முறிவு உண்டா என்பது, அவர் முறிவைத் தேடினார், முறிவு இல்லை. கோரிக்கைத் தாளில் 'ஏழு வாரமாக வலி, இரவில் விழிப்பு' என்று ஒரு வரி இருந்திருந்தால், அவருடைய கண் படத்தின் மேல் விளிம்பு வரை போயிருக்கும் என்றே நம்புகிறேன். தொடையெலும்பு முழுவதும் வரும்படி இன்னொரு படமும் கேட்டிருப்பார். எக்ஸ்ரேக்கும் ஒரு வரம்பு உண்டு. எலும்பின் உள்ளே கனிமம் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகே சேதம் படத்தில் தெரியவரும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே இயல்பாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. முழங்காலில் வலிக்கிறது என்று சொல்பவருக்கு நோய் இடுப்பு மூட்டிலும் இருக்கக்கூடும் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது.

காயம் என்னும் விளக்கம்

இந்த வரலாற்றின் முடிச்சு முதல் நாளிலேயே விழுந்துவிட்டது. 'சுளுக்கு' என்பது அன்று நியாயமான ஊகம். ஆனால் அடுத்தடுத்துப் பார்த்த ஒவ்வொருவரும் அதை ஊகமாக வாங்கிக்கொள்ளவில்லை. முடிந்துபோன உண்மையாகவே வாங்கிக்கொண்டார்கள். பிசியோதெரபி சுளுக்குக்காகச் செய்யப்பட்டது, எக்ஸ்ரே சுளுக்கின் தொடர்ச்சியாக எடுக்கப்பட்டது, எம்.ஆர்.ஐ. கூடச் சுளுக்கில் கிழிந்த தசைநாரைத் தேடித்தான் எழுதப்பட்டது. திசுவைப் பார்த்த நோய்க்குறியியலாளருக்கும் 'காயம்' என்ற சொல் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. சுளுக்கு எத்தனை வாரத்தில் ஆற வேண்டும், ஆறாவிட்டால் அந்தப் பெயரை எப்போது கைவிட வேண்டும் என்று யாரும் ஒரு தேதி குறிக்கவில்லை.

காயத்துக்கும் எலும்புப் புற்றுநோய்க்கும் காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை. காயம் செய்வதெல்லாம், ஏற்கெனவே அங்கே இருக்கும் நோயின் பக்கம் கவனத்தைத் திருப்புவதும், பிறகு அதே கவனத்தைத் தவறான திசையில் கொண்டுபோவதும்தான். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட ஓடிய கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸின் வாழ்க்கையில் இது நடந்தது. 1976 நவம்பரில் நேர்ந்த ஒரு கார் விபத்தில் அவருக்கு வலது முழங்காலில் வலி ஏற்பட்டது. டிசம்பரில் மீண்டும் வலித்தபோது, கூடைப்பந்துப் போட்டிக் காலம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் மருத்துவமனைக்குப் போனபோது ஆஸ்டியோசார்கோமா என்று தெரிந்து, 18 வயதில் அந்தக் காலை இழந்தார். விபத்துதான் தன் முழங்காலைப் பலவீனப்படுத்தியது என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. இதே நோய் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 15 விழுக்காடாக இருந்திருக்கும், இப்போது 50 விழுக்காடு என்று அவரிடம் சொன்னார்கள். இடையில் வளர்ந்திருந்த கீமோதெரபியே அந்த வித்தியாசம். செயற்கைக் காலோடு 1980-இல் 143 நாட்கள் ஓடி 5,373 கி.மீ. கடந்த நிலையில், நுரையீரலுக்குப் பரவிய நோய் அவரை நிறுத்தியது. 1981 ஜூனில் இறந்தார்.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணம் விளங்காத எலும்பு வலியோ எலும்பு வீக்கமோ உள்ள குழந்தைகளுக்கும் இளையோருக்கும் 48 மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுப்பதைக் கருதச் சொல்கிறது. நல்ல வழிகாட்டுதல். ஆனால் 'காரணம் விளங்காத' என்ற சொற்களில்தான் நம் சிறுவன் போன்றவர்கள் நழுவிவிடுகிறார்கள். அவனுடைய வலிக்குக் காரணம் முதல் நாளிலேயே விளங்கியிருந்ததே! விளங்கிவிட்டது என்று எழுதப்பட்ட ஒரு வலி எப்போது மீண்டும் விளங்காததாக மாறுகிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை.

வளர்ச்சி வலி என்ற பெயரும் இதே வேலையைச் செய்வதுண்டு. வளர்ச்சி வலி பொதுவாகச் சிறு குழந்தைகளுக்கு வருவது. இரண்டு கால்களிலும் வரும். மாலையிலோ இரவிலோ வந்து காலையில் சுவடில்லாமல் போய்விடும். பரிசோதித்தால் எந்தக் குறையும் இருக்காது. ஒரே காலில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பதின்வயதில் எலும்பு மிக வேகமாக வளரும் இடங்களான தொடையெலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை, மேற்கை எலும்பின் தோள்முனை ஆகியவையே ஆஸ்டியோசார்கோமா அதிகம் தோன்றும் இடங்கள் என்பதை அறிந்தால், இந்த எச்சரிக்கையின் அவசியம் புரியும். எலும்பில் வரும் இன்னொரு புற்றுநோயான ஈவிங் சார்கோமாவில் காய்ச்சலும், அழற்சியைக் காட்டும் இரத்த அணு படிவு விகிதத்தின் உயர்வும் சேர்ந்து வந்து, எலும்பில் கிருமித் தொற்று என்று நம்பவைத்துவிடும்.

திசு எடுத்த விதம்

பெரும்பிழை என்று நான் ஒதுக்கி வைத்த அந்த ஒன்று இதுதான். பதினைந்தாவது வாரத்தில் தொடையின் குறுக்காகக் கீறித் திசு எடுக்கப்பட்டது. திசு எடுக்கும் ஊசியோ கத்தியோ சென்ற பாதை முழுவதிலும் புற்றணுக்கள் சிந்தியிருக்கக்கூடும் என்று கருதி, பிற்பாடு செய்யும் பெரிய அறுவையில் அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து அகற்றுவதே வழக்கம். அதனால் திசு எடுக்கும் வழி, பெரிய அறுவையின் கீறல் போகப்போகும் நீளவாட்டுக் கோட்டிலேயே இருக்க வேண்டும். அந்த அறுவையைச் செய்யப்போகிறவரைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். குறுக்குக் கீறல் அந்தக் கோட்டை விட்டு விலகிப்போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மான்கினும் அவருடன் பணியாற்றியவர்களும் எலும்பு, மென்திசுப் புற்றுநோயாளிகள் 329 பேருக்குத் திசு எடுக்கப்பட்ட விதத்தை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்டார்கள். நோயறிதலில் பெரும்பிழை 18 விழுக்காட்டினருக்கு நேர்ந்திருந்தது. தேவையற்ற உறுப்பு நீக்கம் 4.5 விழுக்காட்டினருக்கு. 1996-இல் 597 பேரை வைத்து மீண்டும் ஆராய்ந்தபோது, நோயறிதல் பிழை 17.8 விழுக்காடாகவும் தேவையற்ற உறுப்பு நீக்கம் 3 விழுக்காடாகவும் இருந்தன. பதினான்கு ஆண்டுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை. சிகிச்சை அளிக்கும் மையத்துக்கு அனுப்பும் முன்பே வெளியில் திசு எடுக்கப்பட்டவர்களிடம் சிக்கல்கள் பல மடங்கு அதிகம் என்பது இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான முடிவு. ஸ்கேனில் இப்படி ஒரு கட்டியைக் கண்டவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி, கத்தியைத் தொடாமல் அன்றைக்கே தொலைபேசியை எடுப்பது.

வலிக்காத கட்டி

எலும்பில் வலி ஏமாற்றுகிறது என்றால், மென்திசுவில் வலியின்மை ஏமாற்றுகிறது. முப்பதுகளில் இருந்த ஒரு பெண்மணிக்குத் தொடையின் பின்புறத்தில் மூன்று ஆண்டுகளாக ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை, தொந்தரவும் இல்லை. கொழுப்புக்கட்டி என்றார்கள், அவரும் மறந்துபோனார். உட்காரும்போது உறுத்தத் தொடங்கியதும், ஸ்கேன் எதுவும் எடுக்காமலேயே மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு வந்த அறிக்கை சைனோவியல் சார்கோமா என்றது. இளம் வயதினருக்கு மூட்டுகளின் அருகே வரும் இந்தப் புற்றுநோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரக்கூடியது. மெதுவாக வளர்வது தீங்கற்றது என்ற பொது நம்பிக்கையை இது பொய்யாக்குகிறது. அவருக்கு இரண்டாவது அறுவையில் பழைய தழும்பையும் சுற்றியுள்ள தசையையும் அகலமாக எடுத்து, கதிரியக்கச் சிகிச்சையும் தர வேண்டியதாயிற்று. நம் சிறுவனுக்கு வாரக்கணக்கில் நேர்ந்தது இவருக்கு ஆண்டுக்கணக்கில் நேர்ந்தது. இங்கும் முதலில் இட்ட பெயரை யாரும் திரும்பக் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

மென்திசுக் கட்டிகளில் தீங்கற்றவை தீயவற்றைவிடக் குறைந்தது நூறு மடங்கு அதிகம். ஒரு பொது மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு சார்கோமாக்களைத்தான் பார்க்க நேரிடலாம். ஒவ்வொரு கட்டியையும் புற்றுநோயாகச் சந்தேகிக்கச் சொல்வது நடக்காத காரியம். 5 செ.மீ.க்கு மேல் பெரியது, வளர்ந்துகொண்டே இருப்பது, தசையுறைக்கு அடியில் ஆழமாக இருப்பது, வலிப்பது, ஒருமுறை எடுத்த பின் அதே இடத்தில் மீண்டும் வருவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது என்பது மட்டும் நடக்கக்கூடிய காரியம். அடிபடாமலும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளாமலும் தோன்றி, வாரங்கள் போயும் கரையாத 'இரத்தக்கட்டு' என்பதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்வேன்.

தாமதத்தின் விலை

தாமதமானால் உயிர் போகும், விரைந்தால் உயிர் பிழைக்கும் என்று நேர்க்கோடாகச் சொல்லிவிட முடியாது. மிக வேகமாக வளரும் கட்டிகள் விரைவிலேயே வெளித்தெரிந்து மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன; மெதுவானவை காத்திருக்கின்றன. ஆகையால் தாமதத்தின் நீளத்தையும் பிழைத்தவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே பேசுகின்றன. இதைக் காரணம் காட்டித் தாமதத்தைச் சிறிதாக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடலின் பிற இடங்களுக்குப் பரவாத ஆஸ்டியோசார்கோமாவில் ஐந்தாண்டு பிழைப்பவர்கள் 60 முதல் 70 விழுக்காடு. கண்டறியும்போதே பரவியிருந்தால் அது 20 முதல் 30 விழுக்காடாகச் சரிகிறது. கட்டி பெரிதாகி நரம்பையும் இரத்தக்குழாயையும் சூழ்ந்துவிட்டால், காலைக் காப்பாற்றும் அறுவை கைகூடாமல் போகலாம். இவை தவிர, எந்த ஆய்வின் கணக்கிலும் வராத ஒன்றும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் இரவுகளில் வலியோடு விழித்திருக்கிறான், அது ஒன்றுமில்லை என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. பயிற்சிக்குப் போகாமலிருக்க நடிக்கிறானோ என்று வீட்டிலேயே ஒரு கட்டத்தில் சந்தேகப்படுகிறார்கள். அவன் அதை மறக்கவில்லை.

சிகிச்சையும் நிலையும்

மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகள் கொண்ட கீமோதெரபி இரண்டு சுற்றுகள் தரப்பட்டன. பிறகு தொடையெலும்பின் கீழ்ப்பகுதி கட்டியோடு அகற்றப்பட்டு, உலோக மூட்டு பொருத்தப்பட்டது. குறுக்குக் கீறலின் காரணமாகத் தோலையும் முன்தொடைத் தசையின் ஒரு பகுதியையும் கூடுதலாக எடுத்து, வேறிடத்துத் தசையைக் கொண்டுவந்து மூட நேர்ந்தது. முழங்காலை நீட்டும் வலிமை அதனால் குறைந்தது. அகற்றிய கட்டியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அணுக்கள் மடிந்திருந்தன. மருந்துக்கு நல்ல பலன் என்று சொல்வதற்கான அளவு அது. நுரையீரல் முடிச்சுகள் இரண்டும் தனி அறுவையில் எடுக்கப்பட்டன. ஒன்றில் புற்றணுக்கள் இருந்தன, மற்றொன்று பழைய தழும்பு. மீதிக் கீமோதெரபியும் முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மார்பு ஸ்கேனோடு கண்காணிப்பில் இருக்கிறான். ஓட முடியாது, ஊன்றுகோலின்றி நடக்கிறான்.

முதன்முதலாக மையத்துக்கு வந்த அன்று அவனுடைய தாய் ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்திருந்தார். பையன் இரவில் விழித்த தேதிகளைச் சிவப்பு வட்டமிட்டும், வலி மாத்திரை கொடுத்த தேதிகளில் ஒரு புள்ளி வைத்தும் இருந்தார். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒன்றாக இருந்த வட்டங்கள் எட்டாவது வாரத்திலிருந்து நாள் தவறாமல் இருந்தன. ஆறு பேர் எழுதிய குறிப்புகளில் எதிலும் இல்லாத நோயின் போக்கு அந்த ஒரு தாளில் முழுமையாக இருந்தது. முன்பு யாரிடமாவது இதைக் காட்டினீர்களா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை, அவசரத்தில் இருக்கும் டாக்டரிடம் இதையெல்லாம் நீட்டத் தயக்கமாக இருந்தது என்றார்.

சுளுக்கு என்று எழுதும்போதே, 'மூன்று வாரத்தில் முற்றிலும் சரியாகாவிட்டால் இது சுளுக்கு அல்ல எனக் கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும்' என்ற ஒரு வரியையும் தேதியோடு எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. அடுத்துப் பார்க்கும் மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும். நோயாளியைத் திரும்ப வரச்சொல்வதற்கும், திரும்ப வந்தால் பழைய பெயர் செல்லாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்கும் வேறுபாடு பெரிது.

கண்காணிப்புக்கு வந்த ஒரு நாளில், நான்காவது வாரத்திலேயே எக்ஸ்ரே எடுத்திருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்காதா என்று அந்தத் தாய் கேட்டார். நான்காவது வாரத்துப் படத்தில் எதுவும் தெரியாமல் போயிருக்கலாம் என்றும், நுரையீரலில் அது எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வழியில்லை என்றும், ஏழாவது வாரத்துப் படத்தில் எலும்பை ஒட்டிய அந்தக் கோடு தெரிந்தது என்றும் சொன்னேன். அவர் பையிலிருந்து அந்தப் பழைய நாட்காட்டியை எடுத்து, ஏழாவது வாரத்துக் கட்டத்துக்குள் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.